நுரை தொடங்கிய இடம்

கிணற்றிலிருந்து அன்று காலை மேலே வந்த கண்ணாடிச் சில்லுகள் பார்வைக்கு வழக்கம்போலத்தான் இருந்தன. கன்னங்கரேலென்று, ஓரம் பட்டால் விரலைக் கிழிக்கும் கூர்மையோடு. ஜெசிந்தா மச்சாது ஒரு சில்லைத் தாள்போல மெல்லியதாகத் தேய்த்து ஆய்வுக் கருவிக்குள் வைத்தாள். திரையில் வந்த எண்ணை அவள் நம்பவில்லை. இன்னொரு சில்லைத் தேய்த்தாள். பிறகு இன்னொன்றை. மூன்றும் ஒரே பதிலைச் சொன்னதும், கையுறையைக்கூடக் கழற்றாமல் நிலையத் தலைவர் தணிகாசலத்தின் அறைக்கு நடந்தாள்.

சாம்பல் தீவு அந்தமான் கடலில், போர்ட் பிளேயரிலிருந்து ஒரு பகல் கப்பல் பயணத்தில் இருந்தது. தீவுக்கு அடியில் எரிமலைக் குழம்பு தேங்கிக் கிடந்தது. பொறியாளர்கள் அந்தக் குழம்பு வரைக்கும் துளை போட்டு, குளிர்ந்த கடல்நீரை ஓயாமல் செலுத்தி, குழம்பின் மேற்பரப்பை மட்டும் கண்ணாடியாக உறைய வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணாடி மூடியின் வெடிப்புகளில் நீர் புகுந்து, கொதித்து, ஆவியாகக் கிணறு வழியே ஏறி வந்து டர்பைன்களைச் சுற்றியது. மின்சாரம் கடலடிக் கேபிளில் தமிழ்நாட்டுக் கரைக்குப் போனது. அதை நம்பி அங்கே பல அனல் நிலையங்களை மூடியும்விட்டார்கள். இத்தனையும் ஒரே நிபந்தனையின்மேல் நின்றது: குளிர்நீர் நிற்கக் கூடாது.

நிலையத்துக்குக் கீழே கடற்கரையை ஒட்டி ஒரு குடியிருப்பு. ஊழியர் குடும்பங்களும் மீனவர்களுமாக அறுநூறு பேர்.

"சார், மூடியில தண்ணி கூடியிருக்கு" என்றாள் ஜெசிந்தா.

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார். வேலூர்க்காரர், ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. "தண்ணியா? நாமதானேம்மா ஊத்திக்கிட்டிருக்கோம்?"

"நாம ஊத்துற தண்ணியச் சொல்லல. கண்ணாடிக்குள்ளயே கரைஞ்சு கிடக்கிற தண்ணி."

"நான் கரண்ட்டு ஆளு. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

ஜெசிந்தா அவர் மேசையில் சில்லை வைத்தாள். "கீழ இருக்கிற குழம்புல முக்கால் பங்கு சிலிக்கா சார், மணல்ல இருக்கே, அதேதான். மிச்சம் அலுமினியம், சோடியம், பொட்டாசியம், துளி இரும்பு. இது மெதுவா ஆறுனா அணுக்களுக்கு வரிசை கட்டி உட்கார நேரம் கிடைக்கும், கருங்கல் மாதிரி படிகம் படிகமா வரும். சட்டுனு ஆறுனா வரிசை கட்ட நேரமில்ல. நின்ன நிலையிலயே உறைஞ்சுபோகும். அதுதான் இந்தக் கண்ணாடி."

"சரி."

"மூணாவதா ஒண்ணு இருக்கு. குழம்புக்குள்ள தண்ணி கரைஞ்சிருக்கும். மேல அழுத்தம் இருக்கிற வரைக்கும் அது அடங்கிக் கிடக்கும். அழுத்தம் விட்டுச்சுன்னா..."

"கோலி சோடா" என்றார் தணிகாசலம்.

"அதேதான். நுரைச்சுப் பொங்கி வெடிக்கும். நுரைக்கல்லு பார்த்திருப்பீங்களே, தண்ணியில மிதக்குமே? அதுவும் இந்தக் கண்ணாடியும் ஒரே பொருள்தான். ஒண்ணு பொங்கிருச்சு, ஒண்ணு அடங்கிருச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் சில்லைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் கண்ணாடியில தண்ணி அரை சதவீதம். இன்னைக்கு ரெண்டை நெருங்கிருச்சு. அடியிலேர்ந்து புதுக் குழம்பு ஏறி வந்திருக்கு சார். தண்ணி கூடுன கண்ணாடி சீக்கிரம் இளகும். குளிர்நீர் நின்னா முக்கால் மணி நேரம் மூடி தாங்கும்னு கையேட்டுல போட்டிருக்கோம். இனிமே அதை நம்பக் கூடாது."

"எவ்வளவு தாங்கும்?"

"பத்து நிமிஷம். அதுவும் என் கணக்குச் சரியா இருந்தா."

தணிகாசலம் தொலைபேசியை எடுத்தார். குடியிருப்பைக் காலி செய்ய போர்ட் பிளேயரிலிருந்து கப்பல் கேட்டார். மாலையில்தான் வரும் என்றார்கள். சரி, மாலை வரை ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னது ஜெசிந்தாவுக்காகவா தனக்காகவா என்று தெரியவில்லை.

நண்பகலுக்குச் சற்று முன் தரை குலுங்கியது.

*

ஜெசிந்தா ஓடிவந்தபோது கட்டுப்பாட்டு அறையில் பாதித் திரைகள் அணைந்திருந்தன. பதிவுக் கருவியும் நின்றுவிட்டிருந்தது. குளிர்நீர்க் குழாயை இயக்கும் இருக்கையில் சுலைகா உட்கார்ந்திருந்தாள். கீழக்கரைப் பெண். தனியாளான ஜெசிந்தாவுக்கு வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாடு அவள் வீட்டில்தான். சுலைகாவின் கணவன் பீர்முகம்மது குழாய்ச் சுரங்கத்தில் ஃபிட்டர். காலை ஷிஃப்டில் அவனும் வெல்டர் கனகசபையும் கீழே இறங்கியிருந்தார்கள்.

ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்துகொண்டிருந்தது. பின்னணியில் தண்ணீர் இரைந்தது.

"குளிர்தண்ணிக் குழாய் ரெண்டு இடத்துல வெடிச்சு, பாதித் தண்ணி இங்கதான் கொட்டுது. ஆவிக் குழாயும் சேர்ந்து போச்சு, தண்ணி சுடுது. முழங்காலுக்கு மேல வந்துருச்சு. கதவு உள்பக்கமால்ல திறக்கணும், தண்ணி அமுக்கிக்கிட்டு நிக்குது. அசையல."

"வடிகால்?" என்றார் தணிகாசலம்.

"போகுது சார். வர்ற தண்ணி அதைவிட ஜாஸ்தி. நீங்க மேல நிறுத்துனீங்கன்னா கால் மணி நேரத்துல வடிஞ்சிரும். கதவைத் திறந்துருவோம்."

சுலைகாவின் கை ஏற்கெனவே விசைப்பலகையின் மேல் இருந்தது. தணிகாசலம் அந்தக் கையைப் பிடித்தார். "பொறும்மா."

"கால் மணி நேரம்தானே சார்? முக்கால் மணி நேரம் தாங்கும்ல?"

தணிகாசலம் ஜெசிந்தாவைப் பார்த்தார். காலையில் அவர் அறையில் அவள் சொன்னது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவள் வாயைத் திறக்காமலிருந்தால் சுலைகா நிறுத்திவிடுவாள். பீர்முகம்மது வெளியே வந்தாலும் வந்துவிடுவான். வாசல் வழியாகக் குடியிருப்பின் தகரக் கூரைகள் தெரிந்தன. சங்கு ஊதிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் படகுகளை நோக்கி ஓடினார்கள். இருந்த படகுகளில் பாதிப் பேரைக்கூட ஏற்ற முடியாது.

"தாங்காது சுலைகா" என்றாள் ஜெசிந்தா. "பத்து நிமிஷத்துல இளகிரும். அப்புறம் பொங்கும். கிணறு வழியா வெளிய வந்துச்சுன்னா தீவுல ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்."

ஒலிபெருக்கியில், "என்ன சொல்றாங்க?" என்று பீர்முகம்மது கேட்டான்.

ஜெசிந்தாவின் தலைக்குள் எண்கள் ஓடின. வெப்பம், தண்ணீர், அழுத்தம். இளகுவதால் மட்டும் குழம்பு நுரைப்பதில்லை. அழுத்தம் விட்டால்தான் நுரைக்கும். "சார், கிணத்து வாயை மூடிட்டா?"

"என்னது?"

"கோலி சோடாவுல கோலி இருக்கிற வரைக்கும் பொங்காதுல்ல? கிணத்து வாயில இருக்கிற பெரிய வால்வை முழுசா மூடிட்டா ஆவி வெளிய போகாது, உள்ளுக்குள்ள அழுத்தம் ஏறும். கண்ணாடி இளகினாலும் அந்த அழுத்தத்துல நுரைக்காது. அதுக்கப்புறம் தண்ணிய நிறுத்தலாம். ஆளுங்க வெளிய வந்ததும் இன்னொரு பாதையில திரும்ப விட்டுரலாம்."

"மூடினா கிணறு என்னாகும்?"

"இளகுன கண்ணாடி கிணத்துக்குள்ள ஏறி உறைஞ்சிரும். கிணறு செத்துரும்."

"கிணறு செத்தா நிலையம் செத்துச்சு."

"ஆமா சார்."

அவர் கரையின் மின் கட்டுப்பாட்டு அறையை அழைத்தார். மறுமுனையில் இருந்த அதிகாரி கெட்டவரில்லை, பதறிப்போனார். கரையில் வெயில் நாற்பத்து மூன்று டிகிரி என்றார். திடீரென்று நிறுத்தினால் எத்தனை ஆஸ்பத்திரிகள், எத்தனை வயசாளிகள், ஒரு மணி நேரம் கொடுங்கள், மாற்று ஏற்பாடு பார்க்கிறேன் என்றார்.

"ஒரு மணி நேரம் என்கிட்ட இல்ல சார்" என்று சொல்லி வைத்துவிட்டுத் தணிகாசலம் சுலைகாவின் பக்கம் திரும்பினார்.

"நிலநடுக்கத்துல வால்வோட மோட்டார் போயிடுச்சு. கையாலதான் சுத்தணும். நானும் இவங்களும் போறோம். மூடியாச்சுன்னு நாங்க வாக்கிடாக்கியில சொன்ன அப்புறம்தான் நீ தண்ணிய நிறுத்தணும். அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடிகூட நிறுத்தக் கூடாது. வாய் திறந்திருக்கும்போது மூடி இளகினா அவ்வளவுதான். இந்த இருக்கையில உட்கார வேற ஆள் இல்ல. எல்லாரும் கீழ பிள்ளைங்களை ஏத்திக்கிட்டிருக்காங்க. முடியுமா?"

"முடியும் சார்."

அவள் குரல் நடுங்கவில்லை. அதை ஜெசிந்தா வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

கிணற்று வாய் நிலையத்துக்குப் பின்னால் சரிவில் இருந்தது. வால்வின் இரும்புச் சக்கரம் ஆள் உயரம். ஆவி போகும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றுதான் கிடைத்தது. தணிகாசலம் அதை ஜெசிந்தாவின் முகத்தில் மாட்டிவிட்டார். அவள் மறுத்ததைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இருவரும் சக்கரத்தில் தொங்கினார்கள். முதலில் அது அசையவே இல்லை. பிறகு முனகிக்கொண்டு நகர்ந்தது. கால் சுற்று, அரைச் சுற்று. ஜெசிந்தாவின் உள்ளங்கைத் தோல் உரிந்தது. பாதி மூடியிருக்கும்போது ஆவியின் இரைச்சல் மெலிந்து விசில்போல ஆனது.

அடுத்து வந்த சத்தம் அவளுக்குப் பிடிபடவில்லை. கிணற்றின் அடியிலிருந்து, யாரோ பெரிய அண்டாவில் அரிசி களைவது போன்ற ஒரு கரகரப்பு. கையில் சக்கரம் அதிர்ந்தது. பக்கவாட்டுக் குழாயின் இணைப்பு ஒன்று பிய்ந்து, வெள்ளைச் சாம்பல் ஒரு வீச்சாகப் பீறிட்டது. அது தணிகாசலத்தின் முகத்தில் அடித்தது.

அவர் கத்தவில்லை. அல்லது கத்தியது கேட்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு சக்கரத்தை விடாமல் பிடித்திருந்தார். "சுத்தும்மா! நிக்காத!" என்று அவர் உதடு அசைந்தது. ஜெசிந்தா சுற்றினாள். அவர் குருடரைப்போல அவள் இழுக்கும் பக்கமே இழுத்தார். கரகரப்பு ஏறி ஏறி வந்தது. இதோ வந்துவிட்டது, இத்தோடு சரி என்று அவள் நினைத்தாள். அம்மாவின் முகத்தை நினைக்க முயன்றாள், வரவில்லை. சக்கரம் முட்டி நின்றது.

சத்தம் அடங்கியது. காது அடைத்தாற்போல ஒரு அமைதி. காலடியில் மண் ஒருமுறை வீங்கித் தணிந்ததுபோல் இருந்தது.

"சுலைகா! மூடியாச்சு!"

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "சரிக்கா" என்றது வாக்கிடாக்கி.

சுரங்கக் கதவு திறந்தது. பீர்முகம்மதுவுக்கு இடுப்புக்குக் கீழ் வெந்துபோயிருந்தது. தன் தோளில் கனகசபையைத் தூக்கி வைத்திருந்தான். கனகசபையின் இடது காலைப் பிறகு எடுக்க வேண்டிவந்தது. ஆனாலும் இருவரும் உயிரோடு வந்தார்கள். மாலையில் கப்பல் வந்தபோது குடியிருப்பின் அறுநூறு பேரும் குறையாமல் இருந்தார்கள்.

தணிகாசலத்தின் வலது கண் போயிற்று. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. எரிமலைச் சாம்பல் என்று பேர்தானே தவிர அது அடுப்புச் சாம்பல் மாதிரி மிருதுவானதில்லை. நுரை வெடிக்கும்போது அதன் குமிழிச் சுவர்கள் சிதறி விழும் கண்ணாடித் தூள் அது. கழுவக் கழுவக் கீறியது என்று டாக்டர் சொன்னார்.

*

அந்தக் கோடையில் கரையில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. இரண்டு பேருக்காக இத்தனை லட்சம் பேரை வாட்டுவதா என்று சிலர் எழுதினார்கள். நிலையத்தைப் பலிகொடுத்து மனிதனைக் காப்பாற்றியவர்கள் என்று சிலர் கொண்டாடினார்கள். வெயிலில் செத்தவர்களின் எண்ணிக்கையை ஜெசிந்தா தேடிப் பார்க்கவில்லை. யாராவது சொல்லத் தொடங்கினால் எழுந்துபோனாள்.

விசாரணை ஆணையம் ஒன்று அமைத்தார்கள். வேறு மூன்று தீவுகளில் இதே மாதிரி நிலையங்கள் முடியும் தறுவாயில் இருந்தன. கிணற்று வாயை மூடி அழுத்தத்தைத் தக்கவைத்த ஜெசிந்தாவின் முறையை அவற்றின் பாதுகாப்பு விதியாக எழுதப்போவதாகப் பேச்சு. அதற்கு முன் அடைபட்ட கிணற்றிலிருந்து ஒரு மாதிரி எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். மழைக்காலம் முடிந்து துளை போட்டார்கள்.

உருளை வடிவில் கண்ணாடித் தண்டுகள் வந்தன. அவள் கணக்கு சரியாக இருந்தால், அடியிலிருந்து நுனிவரை குமிழி ஒன்றுகூட இல்லாத கறுப்புக் கண்ணாடியாகத்தான் அது இருக்க வேண்டும். வாய் மூடிய பிறகு, முழு அழுத்தத்தில் இளகி ஏறிய கண்ணாடி அல்லவா?

அடிப்பகுதி அப்படித்தான் இருந்தது. மேலே போகப் போக ஊசிமுனைக் குமிழிகள் தெரிந்தன. இன்னும் மேலே அவை கடுகளவாயின. எல்லாவற்றுக்கும் முன்னால் ஏறி வந்த நுனிப்பகுதி கண்ணாடியாகவே இல்லை. சாம்பல் நிறத்தில், தண்ணீரில் போட்டால் மிதக்கும் வெறும் நுரைக்கல்.

ஜெசிந்தா நுரை தொடங்கிய இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு வெகுநேரம் பார்த்திருந்தாள். வால்வு திறந்திருக்கும்போதே மூடி இளகிவிட்டிருக்கிறது. அப்படியானால் இரண்டில் ஒன்று. அவள் கணக்கு அடிப்படையிலேயே தப்பு. அந்த மூன்று நிலையங்களும் வாய் திறந்த சவக்குழிகள். இல்லையென்றால், அவள் சொல்வதற்கு வெகு முன்பே குளிர்நீர் நின்றுபோயிருக்கிறது.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. சுலைகா வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் ஜெசிந்தாவால் பேச முடிந்தது. பீர்முகம்மது சுவரைப் பிடித்துக்கொண்டு நடைபழகிக்கொண்டிருந்தான்.

"சுலைகா, நான் மூடியாச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடியே தண்ணிய நிறுத்திட்டியா?"

தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னக்கா கேக்குறீங்க?" என்றான் பீர்முகம்மது. "இவ அப்படிச் செய்யுற ஆளா?"

"ஆமாக்கா" என்றாள் சுலைகா.

அவன் சுவரோடு சாய்ந்தான்.

"நீங்க போன கொஞ்ச நேரத்துலயே நிறுத்திட்டேன். முதல்ல பொறுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மச்சான் பேசிக்கிட்டே இருந்தாரு. தண்ணி தொடைக்கு வந்துருச்சுன்னாரு, இடுப்புக்கு வந்துருச்சுன்னாரு. அப்புறம் பேச்சு நின்னுபோச்சு. கூப்பிட்டேன். மச்சான், மச்சான்னு கத்துனேன். ஒண்ணுமே கேக்கல. தண்ணிச் சத்தம்கூடக் கேக்கல. முங்கிட்டாருன்னு நினைச்சேன்." அவள் தட்டுகளைக் கீழே வைத்தாள். "அந்த நேரத்துல தீவு, ஜனங்க எதுவும் ஞாபகம் இல்லக்கா. கை அமுக்கிருச்சு. அமுக்குன பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. திரும்பப் போட்டா அவரு செத்துருவாரு. அப்படியே உட்கார்ந்திருந்தேன்."

பீர்முகம்மதுதான் பேசினான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"நான் பேசுறத நிறுத்தல சுலைகா. கையால போனைப் பொத்திக்கிட்டேன். கனகு கால் வெந்து அலற ஆரம்பிச்சுட்டான். அதை நீ கேக்கக் கூடாதுன்னு பொத்திக்கிட்டேன்."

சுலைகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அவன் காலில் ஒட்டியிருந்த கட்டுத்துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"இதை ஆணையத்துல சொல்லித்தான் ஆகணும்" என்றாள் ஜெசிந்தா. "சொல்லலன்னா என் கணக்கு தப்புன்னு ஆகும். அப்படியே ஆகட்டும்னு விடவும் நான் தயார்தான். ஆனா மூணு நிலையத்தையும் மூடிருவாங்க."

"மூடட்டுமே" என்றான் பீர்முகம்மது.

"வேணாம் மச்சான்" என்றாள் சுலைகா. "நான் செஞ்சதை நானே சொல்றேன்."

*

போர்ட் பிளேயரில் நடந்த விசாரணைக்குக் குடியிருப்பிலிருந்து ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். சுலைகா எழுந்து நின்று, வீட்டில் சொன்னதை அப்படியே சொன்னாள். பின்வரிசையில் ஒரு பெண், "எம் பிள்ளைங்க அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல இருந்துச்சுங்கடி" என்று கத்தினாள். யாரும் அவளை அடக்கவில்லை. சுலைகா அந்தப் பக்கம் திரும்பி, "தெரியும்" என்றாள்.

ஆணையத்தின் தலைவர் அடுத்ததாகத் தணிகாசலத்தைப் பேசச் சொன்னார். கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்த அவரை ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தச் சாம்பல் யாரால் வந்தது என்று அவருக்கு அன்றுதான் தெரியும். கூடம் அவருடைய கோபத்துக்காகக் காத்திருந்தது.

"இந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபமில்ல" என்றார். "என் சம்சாரம் உள்ள இருந்து, அவ குரல் நின்னிருந்தா, நானும் அமுக்கியிருப்பேன். இங்க உட்கார்ந்திருக்கிறதுல அமுக்காதவன் யாருன்னு சொல்லுங்க. அதனாலதான் சொல்றேன். இனிமே அந்த இருக்கையில மனுஷன் உட்காரக் கூடாது. மெஷினை வைங்க. கிணறு மூடாம தண்ணி நிக்காதுன்னு விதி போடுங்க. கிணத்தை மூடுற முடிவும் மனுஷன் கையில இருக்க வேணாம். கீழ யார் இருந்தாலும் சரி."

ஜெசிந்தா எழுந்தாள். "சார், அந்த விதி அன்னைக்கு இருந்திருந்தா சுரங்கத்துல மாட்டுன ரெண்டு பேரும் இன்னைக்கு இல்ல."

"ஆமாம்மா, இருந்திருக்க மாட்டாங்க" என்றார் அவர், குரல் வந்த திசையை நோக்கி. "அறுநூறு பேரு இருந்திருப்பாங்க. நம்ம ரெண்டு பேரு கை ஒரு சுத்து மெதுவாப் போயிருந்தா அந்த அறுநூறு பேரும் இல்ல. நீங்களே சொல்லுங்க, கணக்கு உங்களுதுதானே."

ஆணையம் அவர் சொன்னதையே ஏற்றது. சுலைகாவின்மேல் வழக்குப் போடவில்லை; வேலை மட்டும் போயிற்று. புதிய விதியில் கண்ணாடி ஆய்வாளர் என்ற முறையில் ஜெசிந்தா கையெழுத்திட வேண்டும். அவள் ஒரு வாரம் போடாமல் இழுத்தாள். பிறகு பீர்முகம்மதுவே தேடிவந்தான்.

"போட்டுருங்கக்கா."

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்லணும். நான் உயிரோட இருக்கேன்ல, வேற யாரு சொல்றது? தணிகாசலம் சார் சொன்னது சரி. ஆனா ஒண்ணு. கீழ இறங்குற ஒவ்வொருத்தன்கிட்டயும் நேர்ல சொல்லணும். உனக்காகத் தண்ணி நிக்காதுடான்னு. காகிதத்துல ஒரு மூலையில போட்டு விட்டுறக் கூடாது. நீங்களே வந்து சொல்லுங்க. எங்களை யாரோ மேல பார்த்துக்குவாங்கன்னு நினைச்சுத்தான் நாங்க கதவைச் சாத்திட்டு வேலை பார்த்தோம்."

ஜெசிந்தா கையெழுத்திட்டாள்.

*

அடுத்த மார்ச்சில் முதல் புதிய நிலையம் தொடங்கியது. சுரங்க வேலைக்கு எடுத்த பன்னிரண்டு பேரை ஒரு கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்கள். திருநெல்வேலி, கடலூர், ராஞ்சி என்று பல ஊர் ஆட்கள். ஜெசிந்தா அவர்கள் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி எப்படி உறைகிறது, எப்படி இளகுகிறது, எப்போது பொங்கும். தமிழ் தெரியாதவர்களுக்குத் தனக்குத் தெரிந்த இந்தியில் திரும்பச் சொன்னாள். கடைசியாக, குழாய் வெடித்து நீங்கள் உள்ளே மாட்டிக்கொண்டால் மேலேயிருந்து தண்ணீர் நிற்காது என்றாள்.

"கூப்பிட்டா?" என்று கேட்டான் கடலூர்க்காரன் ஒருவன். வடிவேற்கரசு என்று பேர்.

"கூப்பிட்டாலும் நிக்காது. மேல யாரும் இருக்க மாட்டாங்க. மெஷின்தான்."

ஒருவர் தலைக்கவசத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனார். மற்றவர்கள் போகவில்லை. ஊரில் எதை விட்டுவிட்டு வந்திருக்கிறார்களோ, அது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

சுரங்கத்தைக் காட்ட அவளும் அவர்களோடு இறங்கினாள். லிஃப்ட் நின்ற இடத்திலிருந்து சற்று தூரத்தில் இரும்புக் கதவு. வடிவேற்கரசு அதைத் தள்ளிப் பார்த்தான். சாம்பல் தீவுச் சுரங்கத்தில் இருந்ததைப்போலவே உள்பக்கமாகத் திறந்தது.

"இது எதுக்கு மேடம்?"

"உள்ள தண்ணி வந்தா லிஃப்ட் மோட்டாருக்குப் போகாம இருக்க."

"மோட்டார் நனைஞ்சா மூடிக்கு ஏதும் ஆகுமா? அந்தக் கண்ணாடிக்கு?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. லிஃப்ட் கெடும், அவ்வளவுதான்."

"மேல ஏற ஏணி இருக்குல்ல?"

"இருக்கு."

அவன் மற்றவர்களைப் பார்த்தான். ராஞ்சிக்காரர் ஒருவர் பையிலிருந்து பெரிய ஸ்பானரை எடுத்து, கதவுக் கீலின் முதல் போல்ட்டில் மாட்டினார். அது இறுகியிருந்தது. இன்னொருவர் வந்து கைகொடுத்தார். வடிவேற்கரசு மட்டும் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றான். அவள் மேலிடத்து ஆள், தடுப்பாளோ என்று.

கீல் இருந்த மூலை இருட்டாக இருந்தது. ஜெசிந்தா தன் டார்ச்சை எடுத்து அங்கே அடித்தாள்.

"அடுத்த போல்ட் கீழ இருக்கு பாருங்க" என்றாள்.